சிறுநல்கையும் ஊர்நலமும்



ஓர் ஊரின் நலம் இருவகைப் பணத்தால் பேணப்படுகிறது. ஒன்று கோடிக்கணக்கில் வருவது. அது வரும்போது அடிக்கல் நாட்டப்படும். பெயர்கள் கல்லிற் பொறிக்கப்படும். மேடையும் பந்தலும் எழும். மற்றொன்று, சில ஆயிரம், சில இலக்கம் உருபா என்னும் அளவில் வருவது. அதற்குப் பந்தலும் இல்லை, மாலையும் இல்லை. ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றவும், தூர்ந்த வாய்க்காலைத் தோண்டவும், இடிந்த திண்ணையை எடுத்துக் கட்டவும், படிப்பகத்துக்கு நாற்காலி வாங்கவும் அது பயன்படும். அரசோ அறக்கட்டளையோ அயல்நாட்டு அமைப்போ, ஓர் ஊராரின் பொதுப்பணிக்கெனத் திருப்பிக் கேளாமல் அளிக்கும் இத்தகைய சிறுதொகையே சிறுநல்கை எனப்படுவது. அது கடனன்று, கூலியன்று, இரவலர்க்கு இடும் ஈகையுமன்று.

அச்சிறுதொகை புதுச்சேரியில் என்ன செய்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கம். முடிவை முன்னரே கூறிவிடுவது நன்று. நல்கையின் பெருமை அதன் தொகையில் இல்லை. ஊரார் தம் பங்கையும் அதனோடு சேர்த்தார்களா? கணக்கு ஊரார் கையில் இருந்ததா? அக்கணக்கு ஊரார் மொழியில் எழுதப்பட்டதா? இம்மூன்று வினாக்களின் விடையில்தான் அதன் பெருமையும் சிறுமையும் அடங்கியுள்ளன.

பழைய கொடைமுறை

கொடை என்பது தமிழனுக்கு மேனாட்டான் கற்பித்த பாடமன்று. புதுச்சேரி ஆட்சியெல்லைக்குள் அடங்கிய பாகூரையே எடுத்துக்கொள்ளலாம். 9ஆம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவன்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அவ்வூரிலிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. அதனைக் கூறும் செப்பேடுகள் 1879ஆம் ஆண்டு பாகூரில் கிடைத்துப் பின்னர்ப் பாரிசு நகருக்குச் சென்றுவிட்டன. அந்நிலையம் வளர்த்தது வடமொழிக் கல்வி என்பதையும், தமிழ் உழவனின் விளைச்சல் அதற்கு ஊட்டமாயிற்று என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும் அச்செப்பேட்டில் ஊன்றி நோக்கத்தக்க உண்மையொன்று உண்டு. அரச குலத்தின் புகழ்ச்சி வடமொழியில் உள்ளது. கொடுத்த நிலத்தின் எல்லையும் உரிமையுமோ தமிழில் உள்ளன. புகழ்ச்சியை எம்மொழியில் எழுதினாலும் எழுதலாம். எல்லைக்கல்லை நடுபவனுக்கும், வரப்பைக் காப்பவனுக்கும், வழக்கு வந்தால் சான்று கூறுபவனுக்கும் விளங்க வேண்டிய பகுதியை அவன் மொழியில்தான் எழுதியாக வேண்டும். வடமொழிக்குக் கொடை வழங்கிய அரசனுக்கும் இவ்வுண்மை தெரிந்திருந்தது. இன்றைய அலுவலகங்களுக்கு இஃது இன்னும் தெரியவில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

நகரின் நடுவிலுள்ள பாரதி பூங்காவில் வெண்ணிற மண்டபமொன்று நிற்கிறது. புதுச்சேரி அரசு முத்திரையில் இடம்பெற்றுள்ள ஆயி மண்டபம் அது. முத்திரைப்பாளையத்தில் வாழ்ந்த ஆயி என்னும் கணிகை, விளக்கொளியில் திகழ்ந்த தன் மாளிகையைக் கோயிலென்று எண்ணி வணங்கிய அரசனின் சினத்துக்கு ஆளானாள் என்றும், அம்மாளிகையைத் தானே இடித்துவிட்டு அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்றும் செவிவழிச் செய்தி கூறும். 19ஆம் நூற்றாண்டில், பிரான்சை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், முத்திரைப்பாளையத்து நன்னீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாகவே மண்டபம் எழுந்தது. ஆளுநர்களும் படைத்தலைவர்களும் ஆண்ட ஊரில், ஆட்சியின் முத்திரையாக நிற்பது ஒரு பெண் ஊருக்கு விட்ட நீரின் நினைவு. தனியொருத்தியின் கொடையும் ஊர்ப்பொதுப் பயனும் ஒன்றிய இடத்தில் பெருமை தானே வந்து தங்கிற்று என்க.

கொடைக்கு இணையாக ஊருழைப்பு என்னும் மரபும் இருந்தது. ஏரிக்கரையை உயர்த்துதலும் வாய்க்காலைத் தூர்வாருதலும் நீர் பெறும் குடிகளின் கடமையாக இருந்தன. அதுவே குடிமராமத்து. வழக்கமாக இருந்த அதனை ஆங்கில அரசு 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. அன்பினாலும் தேவையினாலும் நடந்த பணி, தண்டத்துக்கு அஞ்சி நடக்கும் பணியாயிற்று. ஊரார் உரிமை குறைந்தது. அலுவலர் அதிகாரம் மிகுந்தது. ஏரி அரசினது என்னும் எண்ணம் வேரூன்றியபின், கரை உடைந்தால் மண்வெட்டியைத் தேடுவோர் குறைந்தனர். மடல் எழுதுவோர் பெருகினர்.

இப்பழைய உறவை மீட்கும் முயற்சியொன்று புதுச்சேரி வட்டாரத்திலேயே நடந்தது. 1999ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்கையோடு ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. வட்டாரத்திலுள்ள 84 ஏரிகளை அது தழுவியது. ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைத்து, ஊராரையே பணியிற் பொறுப்பாளர் ஆக்குவது அதன் நெறி. கரையைப் பொறியாளர் கட்டிவிடலாம். கரையைக் காப்பது ஊரார் கடன் என்னும் தெளிவு அதன் அடிப்படையாக இருந்தது.

ஒரு தெரு மீண்ட வரலாறு

இனி நகருக்கு வருவோர், பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே வருதல் வேண்டும். புதுச்சேரியைப் பார்க்க வருவோருள் பலர் அவ்வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக்காரர் பகுதியோடு நின்று திரும்பிவிடுகின்றனர். மஞ்சட் சுவரும் உயர்ந்த மதிலும் கண்டு இதுவே புதுச்சேரி என்று எழுதியும் விடுகின்றனர். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த, வாழ்கின்ற தெருக்கள் உள்ளன. அங்கு வீடு மதிலுக்குப் பின் மறைவதில்லை; தெருவை நோக்கித் திறக்கிறது. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் உள்ளே வழிப்போக்கனும் அமரத்தக்க திண்ணை, அதனைக் கடந்து செதுக்கு வேலை நிறைந்த கதவு, உள்ளே வானம் பார்த்த முற்றம் என்பது அவ்வீடுகளின் அமைப்பு. கீழ்த்தளம் தமிழ்முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகளும் அங்குப் பல.

திண்ணையைக் கட்டியவன் தன் நிலத்தில் ஒரு பகுதியை ஊருக்கு ஒதுக்கினான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெயிலில் நடந்தவனுக்கு நிழல். மழையில் நனைந்தவனுக்கு ஒதுக்கிடம். முதியோர்க்கு மாலைநேர அவை. சிறுவர்க்குப் பாடம் படிக்கும் இடம். நலவாழ்வு நலவாழ்வு என்று இன்று உலகம் பேசுகிறதே, அதன் ஒரு கூற்றைத் தமிழன் தன் வீட்டு முகப்பிலேயே கட்டி வைத்தான். அத்தாழ்வாரங்களை வெட்டி எறிந்துவிட்டு இரும்புக் கதவுகளும் கடைமுகப்புகளும் எழத் தொடங்கியபோது, அழிந்தது வெறும் மரமும் ஓடும் அல்ல. தெருவுக்கும் வீட்டுக்கும் இருந்த உறவு.

இவ்வழிவைத் தடுக்க எழுந்த முயற்சியே 2002 முதல் 2004 வரை நடந்த ஆசியா அர்ப்சு திட்டம். ஐரோப்பிய ஒன்றியம் நல்கை அளித்தது. புதுச்சேரி நகராட்சியோடு இத்தாலியின் உருபினோ நகரும் பிரான்சின் வில்நேவ் சூர் லோத் நகரும் இணைந்தன. மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பணியை நடத்தியது. வைசியாள் வீதி என மக்கள் வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டியார் வீதியின் ஒரு பகுதி முன்மாதிரித் தெருவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ 20 வீடுகளின் முகப்புகள் சீர்செய்யப்பட்டன.

இத்திட்டத்தில் கற்கத்தக்க நுட்பம் பங்கீட்டு முறையே. முகப்பைச் சீர்செய்யும் செலவு முழுவதையும் நல்கை ஏற்கவில்லை. வீட்டுக்காரரும் தம் பங்கை இட்டனர். வீட்டின் உட்புறம் உடையவனுக்கு உரியது. முகப்போ தெருவில் நடக்கும் எல்லார்க்கும் உரியது. ஆகவே உட்புறத்துக்குப் பொதுப்பணம் வேண்டா. முகப்புக்கு முழுப்பணமும் தனியொருவன் தர வேண்டா. உடையவன் பங்கும் ஊர்ப்பங்கும் சேரட்டும் என்பது எத்துணை முறையான பகுப்பு! தன் பணம் சேர்ந்த வேலையை மனிதன் விழித்திருந்து பார்ப்பான். சுண்ணாம்பு சரியாகக் குழைந்ததா, தச்சன் நல்ல மரம் இட்டானா என்று கேட்பான். பிறர் பணத்திலேயே எல்லாம் நடந்தால், விழுந்தபின்தான் அவன் வெளியே வருவான்.

மேலும், அப்பணம் ஊரிலேயே சுழல்கிறது. பழைய முறையில் சுண்ணாம்பு பூசவும், மரத்தூண் கடையவும், ஓடு வேயவும் தெரிந்த கொத்தர்க்கும் தச்சர்க்கும் அது வேலை தருகிறது. வழக்கொழியும் நிலையிலிருந்த கைத்திறன் மகனுக்கும் மருமகனுக்கும் இறங்குகிறது. 2008ஆம் ஆண்டு யுனெசுகோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைக் காப்பு விருதுகளுள் ஒன்று இத்தெருப் பணிக்குக் கிட்டியது. வெள்ளையர் மாளிகைக்கன்று, தமிழர் திண்ணைக்குக் கிடைத்த விருது அது என்பதைத் தமிழர் நெஞ்சிற் பொறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

இங்கு இரண்டு மறுப்புகள் எழும். தன்மானமுள்ள இனம் ஐரோப்பியன் பணத்தை ஏற்கலாமா என்பது முதல் மறுப்பு. இதனை எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று. கைந்நீட்டிப் பழகிய இனம் தலைநிமிர்ந்து பேசாது. ஆனால் தன் பங்கை முன்வைத்துவிட்டுப் பிறன் பங்கை ஏற்பவன் இரவலன் அல்லன், கூட்டாளி. ஏற்றலில் இழுக்கில்லை; தன் பங்கு இல்லாமல் ஏற்றலிலும், அயலான் குறித்த பணியையே செய்தலிலும், அயற்பணம் நின்ற நாளில் தானும் நின்றுவிடுதலிலுமே இழுக்கு. அயல்நாட்டு நல்கை எதுவும் ஓர் எல்லையோடு முடிவது. அதன்பின் அம்முறையை நகரமே தன் வரிப்பணத்திலிருந்து எல்லாத் தெருக்களுக்கும் விரித்திருக்க வேண்டாவா? ஒரு தெருவுக்குக் கிடைத்த விருதைக் காட்டி ஓராயிரம் தெருக்களின் சிதைவை மறைக்கலாமா?

சில்லறைப் பணத்தால் என்ன ஆகும் என்பது இரண்டாம் மறுப்பு. இதற்கு விடையைக் கடற்கரைச் சாலையிலேயே காணலாம். பிரெஞ்சுக் காலத்தில் எழுந்து மேரி எனப் பெயர்பெற்ற நகர்மன்றக் கட்டடம், 2014 நவம்பர்த் திங்கள் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் உலக வைப்பகத்தின் துணையோடு பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. கட்டடம் ஒரே நாளில் முதுமை அடைவதில்லை. ஓர் ஓடு உடையும்; ஒரு சுவரில் நீர் கசியும்; ஓர் ஆலஞ்செடி வேர்விடும். அந்நிலையில் சில ஆயிரத்தில் முடியும் வேலை, விழுந்தபின் கோடிகளைக் கேட்கும். அயலாரிடம் கை நீட்டவும் வைக்கும். சிறுபணத்தை உரிய நேரத்தில் செலவிடாத ஊர், பெரும்பணத்தைக் காலங்கடந்து செலவிட்டே தீரும்.

முடிவெடுப்பவர் யார்?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதினும், எத்தெருவுக்கு எப்பணி என்று முடிவெடுப்பவர் யார் என்பது பெரிய வினா. புதுச்சேரியில் நகராட்சி முறை 1880ஆம் ஆண்டே ஏற்பட்டது. அன்று ஐரோப்பியர்க்கு வேறு, இந்தியர்க்கு வேறு எனப் பட்டியல் வகுத்து வேற்றுமை காட்டினர். 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியது. 1962இல் இணைப்புச் சட்டமுறைப்படி நிறைவேறியது. விடுதலை பெற்ற மக்கள் தம் தெருவைத் தாமே ஆண்டார்களா? 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது. இடையில் 38 ஆண்டுகள்! 1968இல் பிறந்த குழந்தை, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அகவையை எய்தும்வரை, தன் வட்டத்துக்கென ஒப்போலையிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. மேலே கூறிய ஆசியா அர்ப்சு திட்டம் நடந்த ஆண்டுகளும் இந்த இருண்ட இடைவெளிக்குள் அடங்கியவையே. நகரத்தின் பெயரால் ஒப்பமிட அலுவலர் இருந்தனர். தெருவின் பெயரால் பேச உறுப்பினர் இல்லை.

மாகியைச் சூழ்ந்துள்ள கேரளத்தை நோக்குக. அங்கு 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரவைகளில் மக்கள் கூடித் தேவைகளை வரிசைப்படுத்தினர். குறைகள் அங்கும் உண்டு. ஆயினும், கிணறு வேண்டுமா படிப்பகம் வேண்டுமா என்று ஊரார் வழக்காடிய ஒவ்வோர் அவையும் அவர்களுக்குக் குடியாட்சிப் பள்ளியாயிற்று. மாகியும் புதுச்சேரியும் ஒரே ஆட்சிக்குட்பட்டவை. மாகியின் எல்லைவரை வந்த அந்தக் காற்று புதுச்சேரித் தெருக்களில் ஏன் வீசவில்லை?

நல்கையின் மொழி

மொழி பற்றிய வினா ஈண்டு ஒட்டுப் போட்டதன்று, இப்பொருளின் உயிர்நாடி. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் புதுச்சேரியில் தமிழை ஆட்சிமொழியாக்கியது. மாகியில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தந்தது. ஆங்கிலம் தொடரவும் வழிவிட்டது. விட்ட வழியே பெருவழியாயிற்று. நல்கை கேட்போர் நிரப்ப வேண்டிய படிவம், திட்ட அறிக்கை, செலவுக் கணக்கு, மதிப்பீட்டு ஏடு என ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்கப்படுகின்றன. இதனால் நேர்வது என்ன? பணி தேவைப்படும் தெருவுக்கு நல்கை போகாது. படிவம் எழுதத் தெரிந்த கைக்குப் போகும். வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் வாழும் மீனவத் தாய்க்குத் தன் தெருவில் கழிவுநீர் எங்குத் தேங்குகிறது, எவ்விளக்கு எரியவில்லை, முதியோர் எங்கு வழுக்கி விழுகின்றனர் என்பது துல்லியமாகத் தெரியும். அவள் அறிவு தமிழில் இருக்கிறது. படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இடையில் ஒருவன் புகுகிறான். அவள் சொன்னதை அவன் எழுதுகிறான். எழுதியதில் பாதி அவன் கருத்தாகிறது. கிடைத்ததில் பாதி அவன் ஊதியமாகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பாகூர்ச் செப்பேட்டை எழுதியவன் உணர்ந்ததை, இன்றைய படிவம் எழுதுவோர் உணரவில்லை.

செய்ய வேண்டுவன

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடன். நகர வருவாயில் ஒரு சிறு பகுதியைத் தெருநல நல்கையென ஆண்டுதோறும் தனியே ஒதுக்குக. அதனைக் கேட்கும் மடல் ஒரே பக்கத்தில், தமிழில், இன்ன பணி, இன்ன செலவு, இன்னார் பொறுப்பு என்னும் மூன்றே செய்திகளோடு இருக்கட்டும். தெருவார் கூடிய அவையில் முடிவெடுத்ததற்குச் சான்றாக, ஆடவர் பெண்டிர் இருபாலார் ஒப்பமும் அதில் இடம்பெறட்டும்.

பங்கீட்டு முறையில் ஓர் எச்சரிக்கை தேவை. வைசியாள் வீதியில் வீடுடையோர் பணமாகப் பங்கிட இயன்றது. குப்பத்திலும் குடிசைப் பகுதியிலும் அதே அளவைக் கேட்டால் நல்கை செல்வர்க்கே சென்று சேரும். ஆங்கு உழைப்பே பங்காகக் கொள்ளப்பட வேண்டும். மண் சுமந்த நாளும், சுவர் எழுப்பிய நாளும் கூலிக்கணக்கிட்டுப் பங்குத் தொகையில் வரவு வைக்கப்படட்டும். பங்கு என்பது தன்மானத்துக்காக. ஏழையைத் தடுத்து நிறுத்தும் வேலிக்காக அன்று.

வாங்கிய பணமும் செய்த செலவும் தெருமுனையில் ஒரு பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். சுண்ணாம்புக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால், அலுவலக ஆய்வாளர் வருமுன் கடைக்குப் போகும் பாட்டியே கணக்காய்வு செய்துவிடுவாள். முடிந்த பணியைப் பேணுவோர் பெயரும் அப்பலகையில் இருக்கட்டும். திறப்பு விழா நடத்தியவர் பெயர் கல்லில் இருப்பதைவிட, ஆண்டுதோறும் ஓடு பார்ப்பவர் பெயர் பலகையில் இருப்பது பயன் மிக்கது.

இவற்றுக்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. இருபது வீடுள்ள ஒரு தெரு, வீட்டுக்குத் திங்களுக்கு ஐம்பது உருபா ஒதுக்கினால் ஆண்டுக்குப் பன்னீராயிரம் சேரும். ஒரு படிப்பகத்துக்கு நாளிதழ் வாங்கவும், ஒரு திண்ணையைச் செப்பனிடவும், தெருமுனைக் குப்பைமேட்டை மலர்ப்பாத்தியாக்கவும் அது தொடக்கப் பணம். அத்தொகையோடு அலுவலகத்தின் படியேறும் தெரு வெறுங்கையோடு ஏறுவதில்லை. கொடுங்கள் என்று அது கெஞ்சாது. எங்கள் பங்கு இது, உங்கள் பங்கு எங்கே என்று கேட்கும். அக்கேள்வியைத் தமிழில் கேட்கும் தெருக்கள் பெருகும் நாளில்தான், 1954இல் கிடைத்த விடுதலை தெருவின் கடைசி வீடுவரை வந்து சேர்ந்ததாகும்.

பெருமக்களே! இக்கூட்டம் கலைந்து வீடு திரும்பும்போது அவரவர் தெருவை ஒருமுறை நின்று நோக்குக. உடைந்தது எது, தூர்ந்தது எது, ஊரார் கைவைத்தால் ஒரு திங்களில் சீராவது எது என்று எண்ணுக. நாளையே அண்டை வீட்டாரோடு அமர்ந்து அதனைத் தமிழில் ஒரு தாளில் எழுதுக. அமர்வதற்குத் திண்ணை இருந்தால் நன்று. இல்லையெனில் முதற்பணி எதுவென்று கேட்கவும் வேண்டுமோ?